ஓடும் வீட்டின் சுவர்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடுகள் பல ஓடுகின்றன. கேம்பர் டிரெய்லர் என்று அவற்றை அழைப்பர். படுக்கை, அடுப்பு, மேசை யாவும் அதனுள் அடக்கம். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரமே இத்தொழிலின் தலைநகரம்.

பழைய வகை வண்டியின் சுவர் பார்வைக்கு உலோகம், உள்ளே மரம். ஏறத்தாழ 1.5 அங்குலத் தடிமனுள்ள சட்டங்களை நிறுத்தி, வெளியே அலுமினியத் தகட்டையும் உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகையையும் பொருத்தியிருப்பர். எடை மிகுந்தால் கார் இழுக்காது அல்லவா? ஆனால், கூரையின் சுமையையும் பயணத்தின் குலுக்கலையும் தாங்குபவை அந்த ஒல்லிச் சட்டங்களே. நிலத்தில் நிற்கும் வீட்டிற்கு என்றோ வரும் நடுக்கம், ஓடும் வீட்டிற்கு நாள்தோறும் உண்டு.

கூரையும் சுவரும் கூடும் மூலையில் அடைப்புப்பசை காய்ந்து வெடிக்கிறது. அவ்வழியே புகும் மழைநீர் சட்டங்களின் மீது வழிந்து அடிச்சட்டத்தில் தேங்குகிறது. ஓட்டை மேலே; அழிவு கீழே. ஈரம் காயாத மரத்தைப் பூஞ்சை தின்கிறது. வெளித்தகடோ பளபளப்புக் குன்றாமல் இருக்கிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பர். இங்கே சுவர் இற்ற பின்னும் சித்திரம் நிற்கிறது!

படுக்கையருகே பலகை சற்றே நெளிந்திருப்பதைக் கண்ட உரிமையாளர் விரலால் அழுத்துகிறார். விரல் உள்ளே இறங்குகிறது. அந்நெளிவின்மேல் புதுப்பலகை அறைந்து வண்ணம் பூசிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும். விற்பதற்கென்றே அவ்வாறு செய்வோரும் உளர். அடுத்த நெடும்பயணத்தில் அச்சுவர் பிளந்தால் துன்புறுவது யாரோ ஒரு குடும்பம்.

செம்மையாகச் செய்பவர் முதலில் கூரைக்கு முட்டுக் கொடுக்கிறார். உட்பலகையைப் பெயர்த்தபின், திருப்புளியின் முனையால் சட்டங்களைக் குத்திப் பார்க்கிறார். முனை இறங்காத உறுதியான மரம் தட்டுப்படும்வரை வெட்டி நீக்குகிறார். ஒரு சாண் என்று தொடங்கிய வேலை ஒரு சுவர் முழுவதுமாக விரிவதுண்டு. நெஞ்சு தளரும் இடம் அதுவே. பின்னர், எஞ்சிய நல்ல சட்டத்தோடு புதுச்சட்டத்தைப் பக்கவாட்டில் அணைத்து, மரப்பசையிட்டுத் திருகாணிகளால் முடுக்குகிறார். மூலையின் பழைய பசையைச் சுரண்டியெடுத்து, பியூட்டைல் பட்டையை ஒட்டி அடைக்கிறார்.

உட்பலகையை உடனே மூடிவிடுவதில்லை. ஒருவர் கூரையின்மேல் குழாய்நீரை நெடுநேரம் பாய்ச்ச, மற்றவர் உள்ளே கைவிளக்குடன் அமர்ந்து, புதுமரத்தில் ஒரு துளியேனும் வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.