நான் எழுதிய பொய்த் தேதிகள்

என்னிடம் இருக்கும் பறவைப் படங்களில் கணிசமானவற்றின் தேதி பொய். அவற்றைக் கேமரா எழுதவில்லை, நான் எழுதினேன். கேமரா எழுதும் அதே இடத்தில் எழுதி வைத்ததால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் படங்கள் என் கையை விட்டுப் பலரிடம் போய்விட்டன. அதனால்தான் இதைப் பொதுவில் சொல்கிறேன்.

டிஜிட்டல் கேமராவில் ஷட்டரை அழுத்தினால் படம் மட்டும் பதிவாவதில்லை. நாள், நேரம், கேமராவின் மாடல், லென்ஸின் குவியத் தூரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, ஜிபிஎஸ் வசதி இருந்தால் இடம் என எல்லாம் அதே ஃபைலுக்குள் போய்ச் சேருகின்றன. இதற்கு எக்சிஃப் என்று பெயர். ஜப்பானின் மின்னணுத் தொழில் அமைப்பு 1995-இல் வகுத்த தரம் இது. இன்றைய கேமராக்களும் ஃபோன்களும் ஏறக்குறைய எல்லாமே இதைத்தான் பின்பற்றுகின்றன. ஜேபெக் ஃபைலில் இந்த விவரத்துக்கு உள்ள இடம் 64 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பல மெகாபைட் படத்தில் அது ஒரு மூலை. இருக்கும்போதும் கண்ணில் படாது, போய்விட்டாலும் கண்ணில் படாது.

ஆரம்ப வருடங்களில் நான் வேலை செய்த விதம் இது. மெமரி கார்டிலிருந்து படத்தைக் கணினிக்கு மாற்றுவேன். பறவை பெரிதாகத் தெரியும்படி வெட்டுவேன், வெளிச்சத்தைக் கூட்டுவேன், இணையத்துக்கு ஏற்ற அளவில் சேமிப்பேன். சேமிக்கும் திரையில் மெட்டாடேட்டாவில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்கும் ஒரு பெட்டி இருந்தது. அதை நான் படித்துப் பார்த்ததே இல்லை. ஃபைலின் எடை குறையும் என்று கேமரா விவரங்கள் அத்தனையும் அங்கே கழிந்தன. ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாது என்று மூலப் படத்தின் மேலேயே சேமித்தேன். கார்டை அழித்துவிட்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்பினேன். அதோடும் விடவில்லை. கேமரா வைத்த வரிசை எண்ணை நீக்கிவிட்டு ‘ஊசிவால் வாத்து’, ‘பொரி உள்ளான்’ என்று ஃபைலுக்குப் பெயர் மாற்றினேன். எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் என்ற துப்பும் அதோடு போயிற்று. கணினி காட்டும் ‘மாடிஃபைட்’ தேதியோ நான் எடிட் செய்த இரவின் தேதி.

இவ்வளவையும் அறியாமை என்று சொல்லலாம். அடுத்து நான் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது.

வலசைப் பறவைகளின் வருகை குறித்து ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். மத்திய ஆசியாவின் உயர்நிலங்களில் கூடு கட்டும் வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி நம் கூந்தன்குளம் வரை வருகிறது. அது எந்த வருடம் எந்த வாரத்தில் முதலில் தென்படுகிறது என்பது அவர் கேள்வி. மழை தள்ளிப்போகும் வருடங்களில் வருகையும் தள்ளிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது பறவை பார்ப்பவர்கள் ஈபேர்டில் உடனுக்குடன் பதிவு செய்கிறார்கள், பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கென்றே பலர் கிளம்புகிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு என்னைப் போன்றவர்களின் ஹார்டு டிஸ்க்தான் கதி. “உங்ககிட்ட படம் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க சார்” என்றார். அந்தச் சொல்லில் நான் மயங்கினேன்.

தேதி இல்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். “ஒரு வாரம் கொடும்மா, எடுத்துத் தரேன்” என்றேன்.

எக்சிஃப்டூல் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஃபில் ஹார்வி என்பவர் உருவாக்கி, இலவசமாகத் தந்திருப்பது. படத்துக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கலாம், மாற்றலாம், புதிதாக எழுதலாம். எக்சிஃபில் எடுத்த நேரம், டிஜிட்டலாக்கிய நேரம், கடைசியாக மாற்றிய நேரம் என்று மூன்று தேதிகள் உண்டு. மூன்றையும் ஒரே கட்டளையில் நிரப்பிவிடலாம். நான் நிரப்பினேன். அந்த வருடம் ஐப்பசியில்தானே போனோம், தங்கை மகள் கல்யாணத்துக்கு முன்னால்தானே என்று நினைவைக் கிளறி நாளைப் போட்டேன். நினைவு வராத இடத்தில் பொருத்தமாகத் தோன்றியதைப் போட்டேன். எல்லாப் படத்திலும் ஒரே மணி இருந்தால் சந்தேகம் வரும் என்று காலை வெயிலுக்கு ஏற்ப மணியையும் நிமிடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஞாபகப்பிசகு யாருக்கும் வரும், ஆனால் நிமிடத்தை மாற்றிப் போட்டவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

படங்களை வாங்கிப் பார்த்தவர் என் ஒழுங்கைப் பாராட்டினார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து அழைத்தார். ஒரு படத்தில் குளம் நிரம்பிக் கிடக்கிறது, நான் போட்டிருந்த மாதத்திலோ அந்தக் குளத்தில் தண்ணீரே இல்லை. கேமராக் கடிகாரம் தவறாக இருந்திருக்கும் என்றேன். “கடிகாரம் தப்பா இருந்தா எல்லாப் படத்துலயும் ஒரே அளவுதானே சார் தப்பா இருக்கணும்? அப்படி இல்லையே. அப்புறம், தேதி இருக்கிற படத்துல கேமரா பேரு, லென்ஸு எதுவுமே இல்லை” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையாகவே குழம்பியிருந்தார். அப்போதும் நான் மழுப்பினேன். அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் மறுநாள் அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் படங்கள் முழுவதையும் அவர் ஆய்விலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அவற்றை வைத்துப் போட்டிருந்த கணக்கு வீண்.

பொய்யான விவரச் சீட்டு என்ன செய்யும் என்பதற்கு இந்தியப் பறவையியலிலேயே ஒரு கதை உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் ஃபாரஸ்ட் அவுலட் என்ற சிறு ஆந்தை 1884-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மட்டும் 1914-இல் குஜராத்தில் பிடித்ததாக ஓர் ஆந்தையின் பாடம் செய்த உடலை வைத்திருந்தார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட பழைய உடல், அவர் அதைச் செப்பனிட்டுப் புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார் என்பதை அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் கண்டுபிடித்தார். அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய சீட்டுகளில் இருந்த ஊர்களை வைத்துத் தேடியபோது, 1997-இல் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஆந்தை உயிரோடு கிடைத்தது. நான் திருடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சீட்டு விஷயத்தில் அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றே.

பிறகு அந்த நாட்களில் என்னோடு வந்த நண்பரின் படங்களைத் தேடிப் பிடித்தேன். அவர் மூலப் படங்களைத் தொடாமல் வைத்திருந்தார். ஒப்பிட்டபோது என் தேதிகளின் லட்சணம் தெரிந்தது. நான் நவம்பர் என்று எழுதியிருந்த வரித்தலை வாத்து பிப்ரவரியில் எடுத்தது. வருகை என்று நான் காட்டியது கிளம்பும் நேரத்துப் பறவை.

இப்போது மூலப் படத்தைத் தொடுவதில்லை. ரா ஃபைலும் கேமரா தந்த ஜேபெக்கும் தனி டிஸ்க்கில் இருக்கின்றன. நகலில்தான் வேலை. எடிட் செய்த நகலில் விவரம் விடுபட்டிருந்தால் அதே எக்சிஃப்டூலில் மூலத்திலிருந்து எடுத்து நகலுக்கு எழுதிவிடலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தை நிமிர்த்திச் சேமித்த பிறகு பழைய ‘ஓரியன்டேஷன்’ குறிப்பும் கூடவே வந்தால் படம் மறுபடி சாய்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்சிஃப் கழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்ற அரிய பறவை என்றால் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கத்தான் வேண்டும். அதையும் வெளியிடும் நகலில் மட்டும் செய்கிறேன். நினைவிலிருந்து சொல்லும் தேதியை எடுத்த நேரத்துக்கான இடத்தில் எழுதுவதே இல்லை. படக்குறிப்பில் ‘தோராயமாக, நினைவிலிருந்து’ என்று சேர்த்து எழுதுகிறேன்.

என்னிடமிருந்து பறவைப் படம் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்சிஃபைத் திறந்து பாருங்கள். தேதி இருந்து கேமராவின் பெயர் இல்லையென்றால் அந்தத் தேதி நான் எழுதியது. அதைப் பயன்படுத்தாதீர்கள். ஏற்கெனவே எங்காவது பதிவேற்றியிருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.