நாலாவது வரி

போன மாதம் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றி ஒரு சிகரெட் பெட்டியைக் கொண்டுவந்தார். தாத்தா காலத்துப் பொருள். மூடியில் பொன்னால் ஃபூஜி மலை, கீழே வெள்ளி அலைகள். "ஒரே கறுப்பா இருந்துச்சு. நானே பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டேன்" என்றார். நான்கு மூலையிலும் இரும்பு வெளுத்துத் தெரிந்தது. அந்தக் கறுப்பு அழுக்கில்லை, பாதி வேலையே அதுதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கியோத்தோவில் நாற்பது வருடம், இரும்பில் பொன் பதிக்கும் இந்த வேலை பார்த்தவன் நான். பார்க்கிறவர்கள் எல்லாரும் பொன்னையே பார்க்கிறார்கள். பொன் இளகிய உலோகம், சொன்னபடி கேட்கும். ஆளைப் படுத்துவது 'நுனோமே' என்கிற, பொன் பிடிப்பதற்காக வெட்டும் வரிகள்தான். இரும்பின் மேல் உளியால் நெடுக்கு, குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டு. மில்லிமீட்டருக்கு ஏழெட்டு வரி. கண்ணுக்குத் தெரியாது, காதும் விரலும்தான் கணக்கு. மூன்று திசை வெட்டியதில் எழுந்து நிற்கும் நுண்ணிய பற்களின் மேலேதான் நாலாவது வரி போக வேண்டும். மயிரிழை ஆழம் கூடினாலும் பற்கள் முறிந்துவிடும். முறிந்த இடத்திலும் பொன் அப்போதைக்கு ஒட்டும். அமிலத்தில் போட்டதும் ஓரம் தூக்கும்.

என் ஆசான் பஞ்சுத் துணுக்கை எடுத்துத் தகட்டின் மேல் நான்கு திசையும் இழுப்பார். ஒரு திசையில் அது வழுக்கினாலும் பேச மாட்டார். அரத்தை எடுத்து நான் நாளெல்லாம் வெட்டியதை மழுங்கத் தேய்த்துத் தகட்டைத் திருப்பிக் கொடுப்பார். முதல் இரண்டு வருடம் வீட்டுக்குப் போகும்போது என் கையில் இருந்தது அந்த வெற்றுத் தகடுதான். அவர்மேல் எனக்கு அன்று இருந்த கோபம் கொஞ்சமில்லை. பஞ்சு நான்கு பக்கமும் சிக்கிய அன்று அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. பொன் தகட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

1876இல் வாள் தரிக்கத் தடை வந்ததும், வாளுக்குக் காப்புத்தகடு செய்தவர்களின் பிழைப்பு போனது. அவர்கள் கை அப்படியே ஜாடிக்கும் பெட்டிக்கும் திரும்பியது. அந்தக் காலத்துக் கைவினைஞர் கோமாய் ஒதோஜிரோவின் பட்டறைத் தட்டு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நூறு வருடம் தாண்டியும் பொன் அசையாமல் இருக்கும். இன்று கடைவீதியில் அச்சடித்து முலாம் பூசியதையும் பொன் பதித்த வேலை என்றே விற்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு திசை போதாதா என்று கேட்டான். போதும், விற்கிற வரைக்கும் போதும்.

துருவையும் எவரும் மதிப்பதில்லை. துருவை வரவழைத்து, தேயிலைச் சாற்றில் கொதிக்கவைத்து நிறுத்தி, அரக்குப் பூசிச் சுட்டு, பொன் மேல் ஏறியதை மட்டும் கரியால் தேய்த்தெடுத்தால்தான் அந்தக் கறுப்பு. இதில் எந்த நாளையும் குறைக்க முடியாது.

பெட்டிக்காரர் ஒரு வாரத்தில் வேண்டும் என்றார். முடியாது என்றேன். விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூலைகளில் மீண்டும் துரு பிடிக்க வைக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டது, இரும்பு நன்றாகவே பிடிக்கும். நாளைக் காலையில் ஆரம்பிக்கிறேன்.