மாத்திரைக்கு நடை சாத்துவதில்லை

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். வயசுப்பிள்ளை வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் கிடந்தால் பலர் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். போகட்டும், தப்பில்லை. டாக்டரிடமும் போகவேண்டும், அவ்வளவுதான்.

மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரையைச் சிறுவர்களுக்கும் கொடுக்க அமெரிக்கா 2003-ல் அனுமதித்தது. அடுத்த வருஷமே எல்லா மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் எச்சரிக்கை போடச் சொன்னது: ஆரம்பத்தில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம்.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? அப்படியில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வீட்டார் கண் பிள்ளைமேல் இருக்கவேண்டும். கவுன்சிலிங்கும் கூடவே நடக்கவேண்டும். சிரித்துவிட்டான் என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அவசரமென்றால் 14416-க்குப் போன் செய்யலாம். அங்கே வாரத்தில் ஏழு நாளும் நடை திறந்திருக்கும்.