பொரி போட்டால் மீன்... தூண்டில் போட்டால் ம்ஹூம்!

பாபநாசம் கோயில் படித்துறையில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் பொரியைப் பிரித்தேன். அவ்வளவுதான்... ஆறே வாயைப் பிளந்த மாதிரி மீன்கள்! ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. ஒரு தடியன் என் கால் கட்டைவிரலையே ருசி பார்த்துவிட்டுப் போனான். கோயில் மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள். அந்த விஷயம் அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது!

என் பையிலோ சென்னையில் எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய மடக்குத் தூண்டில். சித்திரை மாதம், நாலு நாள் லீவு, தாமிரபரணி. ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

மேலே போகலாமென்றால் அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-லிருந்து. காரையாறு அணைப்பக்கம் தூண்டிலோடு போனால் புலி பிடிக்கிறதோ இல்லையோ, வனத்துறை பிடித்துவிடும். எனவே கீழ்நோக்கிப் பஸ் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர்போன ஊர்.

பிசான நெல் அறுத்தாயிற்று. வாய்க்கால்களில் தண்ணீர் இல்லை. அணையிலிருந்து குடிநீருக்காக விடுகிற தண்ணீர்தான் ஆற்றில். முழங்காலளவு ஓட்டம், கண்ணாடி மாதிரி தெளிவு. மீன் நீந்துவது கரையிலிருந்தே தெரிகிறது. 'ஆஹா, இதைவிட நல்ல நேரம் ஏது!' என்று பாறையில் ஏறி நின்று வீசினேன்.

காலை பத்திலிருந்து பகல் ஒன்று வரை நின்றதில் கிடைத்தது: சட்டை பூராவும் வேர்வை, நாலு முள் பாறையிடுக்கில் போனது, பதநீர் விற்கிறவரின் அனுதாபம்.

"சாருக்கு மெட்ராஸா?"

திரும்பினேன். மருத மரத்தடியில் ஒரு அண்ணாச்சி. அறுபது வயசிருக்கும். கையில் மூங்கில் கம்பு, சோளத்தட்டையில் தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. மொத்தச் செலவு பத்து ரூபாய் தாண்டாது.

"கொக்கு மாதிரி பாறை மேல நிக்கீய. ஒங்களுக்கு மீன் தெரியுதுன்னா மீனுக்கு நீங்க தெரிய மாட்டீயளா?"

நியாயமான கேள்வி!

அப்புறம்தான் பாடம் ஆரம்பித்தது. கோடையில் தண்ணீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்திருக்கிற பிராணவாயு குறையும். மீன் சோர்ந்துபோய் கசத்துக்கு (ஆற்றில் ஆழமான மடுவுக்கு இந்தப் பக்கத்துப் பேர்) இறங்கிவிடும். பகலில் பாறை நிழலைவிட்டு அசையாது. வெயில் தாழ்ந்த பிறகும் பொழுது விடிகிற நேரத்திலும்தான் இரைக்கு வரும். நம் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார வேண்டும். அணையில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் தண்ணீர் லேசாகக் கலங்கும், புழு பூச்சி அடித்துக்கொண்டு வரும். அப்போது கெண்டை, கெளுத்தி எல்லாம் துணிச்சலாகக் கடிக்கும். விரால் மட்டும் தனி ஜாதி. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிற பிராணி. அதற்குச் சூடெல்லாம் பொருட்டில்லை. ஆனால் அதற்குத் தவளைக்குஞ்சு வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டுமே என்னிடம் ஸ்டாக் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு அண்ணாச்சியின் தக்கை முங்கியது. முதலில் ஜிலேபி. அடுத்ததும் ஜிலேபி. 1952-ல் ஆப்பிரிக்க வம்சத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிற மீன், எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடும். மூன்றாவதாக வந்தது, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நாட்டுக் கெண்டை! எனக்கு நாக்கில் ஜலம். அண்ணாச்சியோ வயிற்றை லேசாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

"ஐயோ, ஏன் அண்ணாச்சி?"

"சினை பிடிச்சிருக்குலா. ஆனியில மலையில மழை பெஞ்சு புதுத் தண்ணி வரும். அப்ப எதிர்த்து ஏறிப்போயி முட்டை போடும். அதுவரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தக் கசத்துலதான் கெடக்கும். இது விதைநெல்லு தம்பி."

சின்ன வயசில் இந்த வளைவில் மூன்று கசம் இருந்ததாம். மணலை லாரி லாரியாக அள்ளியதில் இரண்டு மேடும் பள்ளமுமாகச் சிதைந்துவிட்டன. 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. போன கசம் போனதுதான். மிச்சமிருக்கிற ஒன்றிலும் கோடையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டா போடுகிறவர்கள் உண்டாம்.

"தூண்டில்காரன் நாள் பூரா இருந்தா பத்து மீன். தோட்டாக்காரனுக்கு ஒரு நிமிசம். குஞ்சு, சினை, எல்லாம் வெள்ளையா மெதக்கும். அவன் பெருசை மட்டும் பொறுக்கிட்டுப் போயிருவான்." அண்ணாச்சி அதற்கு மேல் பேசவில்லை. வெற்றிலையைத் துப்பினார்.

இருட்டுகிற நேரம் என் தூண்டிலும் இழுத்தது. கை நடுங்க இழுத்தேன். கெண்டை! வயிறு உப்பலாக இருந்தது. (அல்வா சாப்பிட்ட என் வயிறும்தான் உப்பலாக இருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?) அண்ணாச்சி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், திட்டினாலாவது பரவாயில்லை! முள்ளைக் கழற்றி விட்டேன். வாலால் என் முகத்தில் தண்ணீரடித்துவிட்டுப் போனது.

ராத்திரி அம்பாசமுத்திரத்தில் ஒரு மெஸ். மீன் குழம்பு ஏகப் பிரமாதம்.

"என்ன மீன் இது? ஆத்து மீனா?"

பரிமாறுகிற பையன் சிரித்தான். "ஆத்து மீனுக்கு எங்க சார் போறது? தூத்துக்குடி ஐஸ் பெட்டி!"