பொத்தானைக் கேட்டல்

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் இருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், பல தலைமுறைகளாகக் கொச்சியிலேயே வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. வீட்டில் மூத்தவர் பாட்டி. வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கடைக்காரர் யார் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கொங்கணி என்று வாழ்ந்தவர். பக்கவாதம் வந்தபோது வலக்கையும் பேச்சும் ஒருசேரப் போயின. பிறர் பேசுவது புரிந்தது; பதில் சொல்ல மட்டும் வாய் ஒத்துழைக்கவில்லை. பால் பிரோக்கா 1861-இல் பதிவுசெய்த நோயாளி ஒருவர் ‘டான்’ என்ற ஒரே அசையைக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முயன்றதை மொழியியல் வகுப்புகளில் படிக்கிறோம். பாட்டிக்கு அந்த ஓர் அசையும் இல்லை.

பத்தாம் வகுப்பில் படிக்கும் பேரன் அவருக்கு ஓர் அசை செய்து தர நினைத்தான். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. 2022 டிசம்பரில் பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக் கிட்டுகள் வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ பலகை, எல்இடி விளக்கு, ஒலிப்பான், சின்ன மோட்டார் ஆகியவற்றோடு அந்தப் பெட்டியில் ஓர் அழுத்துபொத்தானும் உண்டு. பள்ளியில் பழகியதை வைத்து, தானே வாங்கிய பலகையில் அவன் ஓர் அழைப்பு மணி செய்தான். பொத்தான் பாட்டியின் இடக்கைப் பக்கம், மணி முன்னறையில், நடுவே எட்டு மீட்டர் கம்பி.

அந்த மணிக்கு அவன் அடுத்தடுத்து மூன்று நிரல்கள் எழுதினான். மூன்றும் ஒரே வேலையைச் செய்ய எழுதப்பட்டவை. முதல் இரண்டும் ஒரு முதியவருக்கு என்ன செய்தன என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

முதல் நிரல் எளியது. கருவி உயிரோடு இருப்பதைக் காட்ட ஒரு பச்சை விளக்கு இரண்டு விநாடி எரியும், இரண்டு விநாடி அணையும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிரல் பொத்தானை ஒருமுறை பார்க்கும். அழுத்தியிருந்தால் மணியை ஒலிக்கும். இவ்வாறு கருவியே போய்ப் போய்ப் பார்ப்பதைப் போலிங் என்கிறார்கள். இதை அகராதி பார்த்து ‘வாக்கெடுப்பு’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். போல் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் தலை. தலைகளை எண்ணியதிலிருந்தே வாக்கெடுப்பு என்ற பொருள் வந்தது. கணினியில் அது ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போன்ற செயல்: பெயரைக் கூப்பிடுவது, பதில் வருகிறதா என்று பார்ப்பது, அடுத்த பெயருக்குப் போவது. கொச்சிக் கோட்டைக் கடற்கரையின் சீன வலைகளும் அப்படித்தான் இயங்குகின்றன. மீன் வந்துவிட்டது என்று எதுவும் மீனவருக்குச் சொல்வதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இருந்தால் எடுக்கிறார்கள், இல்லையென்றால் மறுபடி இறக்குகிறார்கள்.

பேரன் சோதித்தபோது மணி ஒலித்தது. காரணம், ஒலிக்கும்வரை அவன் விரலை எடுக்கவில்லை. பாட்டியின் தளர்ந்த விரலோ ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் பொத்தானில் நின்றது. நான்கு விநாடிக்கு ஒருமுறை மட்டும் கண் திறக்கும் நிரல், அத்தகைய அழுத்தங்களில் ஏறத்தாழ இருபதில் ஒன்றைத்தான் காணும். ஓர் இரவு பாட்டி பலமுறை அழுத்தியிருக்க வேண்டும். காலையில் படுக்கை நனைந்திருந்தது. துணி மாற்றிவிட்ட மருமகளின் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பேரன் அன்று மாலையே இரண்டாம் நிரலை எழுதினான். இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: பொத்தானை இன்டரப்ட் முனையில் இணை. தமிழில் இதைக் ‘குறுக்கீடு’ என்கிறோம். ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி சில்லில் இதற்கென்றே 2, 3 என்ற இரு முனைகள் உண்டு. அங்கே மின்னழுத்தம் மாறிய கணமே, செயலி செய்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, குறுக்கீட்டுக்கென எழுதிய சிறு பகுதியை ஓட்டிவிட்டுத் திரும்பும். அந்தத் தாவலுக்குச் சில கடிகாரத் துடிப்புகளே போதும்; விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்புகள் கொண்ட சில் அது. இனி எந்த அழுத்தமும் தவறாது என்று அவன் நம்பினான். ஒருமுறை அழுத்தினால் மணி தொடங்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும் என்று அமைத்தான்.

உண்மையில் எந்த மாற்றமும் தவறவில்லை. தொல்லையே அதுதான். பொத்தானுக்குள் இருப்பவை இரண்டு உலோகத் தகடுகள். அவை ஒன்றையொன்று தொடும்போது, தரையில் விழுந்த கோலிக்குண்டு போலச் சிலமுறை துள்ளிய பிறகே அமைகின்றன. ஜாக் கான்ஸல் என்ற பொறியாளர் பலவகைப் பொத்தான்களை அளந்து பார்த்து எழுதியது இத்துறையில் பலரும் படித்த கட்டுரை. பெரும்பாலான பொத்தான்களின் துள்ளல் சில மில்லிவிநாடிகளில் அடங்கிவிட்டது; விதிவிலக்காக ஒன்று 150 மில்லிவிநாடிக்கும் மேல் துள்ளியது. மனிதருக்கு அது ஓர் அழுத்தம். குறுக்கீட்டுக்கோ இரண்டு, ஐந்து, எட்டு அழுத்தங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மணி ஒலிக்கும். இரட்டைப்படையானால், தொடங்கியது காதுக்கு எட்டுமுன்பே நின்றுவிடும்.

இங்கே மொழி கற்றவர்களுக்குப் பழக்கமான ஒன்று எதிர்ப்படுகிறது. கல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் உள்ள ககர ஒலியைக் கருவியில் அளந்தால் மூன்று வெவ்வேறு ஒலிகள். தமிழ்க் காதுக்கு அவை ஒரே ககரம். எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவது, எதைக் கேளாதது போல் கடந்துபோவது என்று தெரிந்த காதுதான் ஒரு மொழியைக் கேட்கிறது. குறுக்கீடு ஒவ்வோர் ஒலியையும் பதிவுசெய்தது. அவற்றுள் எவை ஒரே எழுத்து என்று அதற்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய துன்பம் வேறொன்று. நள்ளிரவுகளில் மணி தானாகவே ஒலிக்கத் தொடங்கியது. மருமகள் எழுந்து ஓடுவார். பாட்டி கண் விழித்துத் திகைத்துப் பார்ப்பார். “என்ன வேணும் அத்தை?” என்றால் தலையை இடமும் வலமும் அசைப்பார். மூன்றாம் இரவு, வேலைக்குப் போய்க் களைத்த மகன், “அம்மா சும்மா சும்மா அழுத்துறாங்க, ஆள் பக்கத்துல இருக்கணும்னு நினைக்கிறாங்க போல” என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் பாட்டி காதில் அது விழுந்தது. அழுத்தவில்லை என்று சொல்ல அவரிடம் தலையசைப்பு மட்டுமே இருந்தது. அந்தத் தலையசைப்பைவிட மணியின் சாட்சியம் வலுவாக இருந்தது. அதன்பின் இரண்டு நாட்கள் அவர் பொத்தானைத் தொடவே இல்லை.

மின்பழுது பார்க்கும் தாய்மாமன் ஓர் இரவு முன்னறையில் விழித்திருந்து பார்த்தார். மணி ஒலித்த ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்றுமுன் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ‘டக்’கென்று தொடங்கியது. எட்டு மீட்டர் கம்பி ஃபிரிட்ஜின் பின்புறமாக, வீட்டு மின்கம்பியை ஒட்டியே போயிருந்தது. பொத்தான் அழுத்தப்படாதபோது முனையின் மின்னழுத்தத்தை மேலே பிடித்து வைத்திருந்தது சில்லுக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான மின்தடை மட்டுமே. அது தளர்ந்த பிடி. கம்ப்ரசர் தொடங்கும்போது எழும் நொடிப்பொழுது மின்னிரைச்சல் அந்தப் பிடியை அசைத்துவிடும். குறுக்கீடு அதையும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். மைக்ரோவிநாடிகளே நீடித்த சலசலப்புக்கும் ஒரு மனுஷியின் விரலுக்கும் அதனிடம் வேறுபாடு இல்லை.

காலையில் மாமா எல்லோர் முன்னிலையிலும் ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கி மறுபடி செருகிக் காட்டினார். மணி ஒலித்தது. பாட்டியின் கைகள் அப்போது மடியில் இருந்தன. மகன் எதுவும் பேசவில்லை. போய் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இந்த அச்சம் புதியதன்று. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1950-களின் பிற்பகுதியில் எக்ஸ்-1 என்ற நெதர்லாந்துக் கணினிக்கு நிரல் எழுதினார். அதன் வடிவமைப்பாளர்கள் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்க விரும்பியபோது அவருக்கு முதலில் தயக்கமே ஏற்பட்டது. குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று நிரலருக்குத் தெரியாது. ஆகவே தோன்றும் பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டவும் முடியாது. அந்தக் கணினியின் குறுக்கீடுகளைக் கையாண்ட அனுபவமே 1959-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இடம்பெற்றது. மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழை ஏற்பட்டால், பழி பெரும்பாலும் பேச முடியாதவர்மீதே விழும் என்பதை மட்டாஞ்சேரி வீடு காட்டிற்று.

மூன்றாம் நிரலை மாமாவும் பேரனும் சேர்ந்து எழுதினார்கள். மறுபடி போலிங்தான், ஆனால் தூங்காத போலிங். விளக்கைக் காத்திருந்து சிமிட்டச் சொல்லாமல், கடந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சிமிட்டச் செய்தார்கள். நிரல் 5 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பொத்தானைப் பார்க்கும். தொடர்ந்து ஐந்து முறையும் ‘அழுத்தம்’ என்றே தெரிந்தால்தான் அதை அழைப்பாகக் கொள்ளும். இடையில் ஒருமுறை மாறினாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். துள்ளலும் மின்னிரைச்சலும் இந்தச் சல்லடையில் நின்றுவிட்டன. இதனால் ஏற்படும் தாமதம் சுமார் 25 மில்லிவிநாடி. எந்த மனிதரும் உணர முடியாத அளவு. பாட்டியின் மிக மென்மையான அழுத்தம்கூட இதைப்போல எட்டு மடங்கு நீண்டது. ஒருமுறை தொடங்கிய மணி, முன்னறையில் உள்ள வேறொரு பொத்தானை யாராவது எழுந்துவந்து அழுத்தும்வரை நிற்காது. கம்பியை ஃபிரிட்ஜிடமிருந்து விலக்கி, முனையில் வலுவான மின்தடை ஒன்றையும் சிறு மின்தேக்கி ஒன்றையும் மாமா சேர்த்தார்.

இதிலிருந்து குறுக்கீடு தவறு, போலிங் சரி என்று முடிவுகட்டினால் அதுவும் பிழையாகும். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வரும் தொடர் தகவலில் ஓர் எழுத்து ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடியில் கடந்துவிடும். அதை 5 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்ப்பவர் பெரும்பாலானவற்றை இழப்பார். மின்கலத்தில் ஓடும் கருவி பெரும்பொழுது உறங்கியாக வேண்டும். அதை எழுப்பக் குறுக்கீடு வேண்டும். இரண்டையும் இணைப்பதும் வழக்கமே: செயலியின் கடிகாரம் சீரான இடைவெளியில் குறுக்கிடும், அந்தக் குறுக்கீட்டுக்குள் பொத்தான்களைப் பார்த்துக்கொள்ளலாம். எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகள் உதவும். நிகழ்வு எவ்வளவு நேரம் நீடிக்கும்? அது எவ்வளவு தூய்மையாக வரும்? தவறவிட்டால் அல்லது பொய்யாகக் கேட்டால் யாருக்கு என்ன ஆகும்? பாடப்புத்தகங்கள் முதல் கேள்வியை விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவதைச் சில பக்கங்களில் தொடுகின்றன. மூன்றாவது கேள்விக்கு விடை பொத்தான் இருக்கும் வீட்டில்தான் கிடைக்கும்.

முதல் இரவின் பிழையை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே போலிங் தோற்கவில்லை. நான்கு விநாடி கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருப்பதாக விளக்கைச் சிமிட்டியது தோற்றது. பச்சை விளக்கைப் பார்த்துப் பாட்டி நம்பியிருந்தார். கேட்காதவர் கேட்பது போல் தலையாட்டுவது, கேட்கவில்லை என்று சொல்லிவிடுவதைவிடக் கொடியது.

மணி இப்போது ஒழுங்காக இயங்குகிறது. பாட்டி நீட்டி அழுத்துவது அவசரத்துக்கு, இருமுறை தட்டுவது தண்ணீருக்கு என்று வீட்டில் ஒரு வழக்கு உருவாகியிருக்கிறது. அதை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அவர் தொடங்கினார், மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். ஓர் அசையாக இருந்த பொத்தான் இரண்டு சொற்களாகியிருக்கிறது.

இருந்தும் மருமகள் இரவில் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பேரனுக்கு அது தன் கருவியின் மீதான அவநம்பிக்கையாகத் தோன்றியது. “மணிதான் சரியா வேலை செய்யுதே, நீ ஏம்மா எந்திரிக்கிற?” என்று கேட்டான்.

“அவங்களுக்குக் கை தூக்க முடியாத நாளும் வரும்ல. அன்னைக்கு மணி எப்படிடா அடிக்கும்?” என்றார் அம்மா.

மணி ஒலிக்காத இரவுக்கு இரண்டு பொருள் உண்டு: தேவை எதுவும் இல்லை, அல்லது அழைக்கவே இயலவில்லை. இரண்டையும் பிரித்தறிய எழுந்து போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பேரன் தன் குறிப்பேட்டில் மூன்றாம் நிரலுக்குக் கீழே, நான்காவது என்று எண்ணிட்டு, அம்மா எழும் நேரத்தை எழுதி வைத்திருக்கிறான்.