தருமி வேஷம்

மீனாட்சி கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி கொடுத்த லீலை நடக்கும் நாளன்று, கோயம்புத்தூரிலிருந்து என் கல்லூரித் தோழன் தவறாமல் போன் செய்வான். "என்னடா, நம்ம நாள் வந்துருச்சு!" என்பான். நானும் சிரித்து வைப்பேன்.

1965-ல் 'திருவிளையாடல்' வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஊரே சிவாஜியைப் பேசியது. எனக்குக் கண்ணில் நின்றவர் நாகேஷ்தான். ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்டு, யாரோ எழுதித் தந்த பாட்டோடு சபைக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பும் ஏழைப் புலவன். அதுவும் நம்ம மதுரைக் கதை! (நக்கீரராக வந்தவர் டைரக்டர் ஏ.பி.நாகராஜனேதான்.) தாராபுரத்துக்காரரான நாகேஷ், ரயில்வேயில் இருந்தபோது ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரமே வந்து எம்.ஜி.ஆர். கையால் கோப்பை வாங்கியவர். அவருக்கு வயிற்றுவலி என்றால் எனக்குத் தருமி என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வருஷம் மதுரையில் கல்லூரி. ஆண்டு விழாவுக்கு அதே நாடகம். சோழவந்தானிலிருந்து ரயிலில் போய்வருகிறவன் நான். ஒரு மாதம், சாயங்காலமானால் வைகை மணலில் நின்று தனியாகப் புலம்பினேன். மாடு மேய்க்கிற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறென்ன வேண்டும்?

தமிழ் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ஆள் வாட்டசாட்டமா இருக்கு. வாயிற்காப்போன்." தருமி வேஷம் என் தோழனுக்குப் போனது. ஒல்லியாக இருப்பான். அதைத் தவிர அவனுக்கு என்ன தகுதி என்று மனசுக்குள் பொருமினேன்.

விழா அன்று அட்டை ஈட்டியோடு நிற்கிறேன். அப்பா மூன்றாவது வரிசையில். நக்கீரர் குற்றம் சொன்னதும் தருமி பேச வேண்டும். பேசவில்லை. வசனம் மறந்துவிட்டது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு அது முழுக்க மனப்பாடம் என்பது அவனுக்குத் தெரியும். முதல் வார்த்தையை முணுமுணுத்தால் போதும். நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவல்காரன் அப்படித்தானே நிற்கணும்!

அவன் கை நடுங்கியது. ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட்டம் அதை நடிப்பென்று நினைத்து அப்படிச் சிரித்தது. கைதட்டல் அடங்குவதற்குள் வசனம் ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு. முதல் பரிசும் அவனுக்கே.

ரயிலில் அப்பா பேசவே இல்லை. சமயநல்லூர் தாண்டியதும், "அந்தப் பையன் உன்னையப் பார்த்தானேப்பா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் நான் வேஷம் கட்டவே இல்லை.

"அன்னைக்கு நீயும் பயந்துட்ட, பாவம்" என்பான் தோழன், ஒவ்வொரு வருஷமும். "ஆமாடா" என்பேன்.

இந்த வருஷம் நானே முதலில் போன் செய்தேன். "என்னடா அதிசயமா இருக்கு?" என்றான்.

"அங்கே மழை பெய்யுதா?" என்று கேட்டேன்.