மாயாவியின் குரல்

படக்கதையைத் திரைப்படமாக்குவது எளிது என்பார் உண்டு. ஓவியர் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் அதைப் பின்பற்றினால் போதாதா என்பது அவர்கள் வாதம். நான் அவ்வாறு எண்ணவில்லை. படக்கதையில் உருவம் உண்டு, குரல் இல்லை. குமிழுக்குள் அடைபட்ட எழுத்துகளுக்குக் குரல் தருபவர் வாசகரே.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கில வார இதழில், ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கைவண்ணத்தில் தோன்றியவர். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வழியே தமிழுக்கு வந்தார். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் தெரியும்.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த மாயாவிக்குக் குரல் கொடுத்தவன் என் தம்பி. இளம்பிள்ளைவாதத்தால் அவனுக்கு இரு கால்களும் விளங்கவில்லை. வெண்கலச் சொம்புக்குள் வாயை வைத்துப் பேசுவான். இரும்பு மனிதன் வேறெப்படிப் பேசுவான் என்பது அவன் கேள்வி. வில்லன்கள் அனைவரும் என் பொறுப்பு. கை மட்டும் வரையப்பட்ட கட்டம் வந்தால் பக்கத்தைத் திருப்ப விடமாட்டான். காணாத உடலை விரலால் தாள்மீது வரைந்து நிரப்புவான். அவனுடைய மாயாவிக்கு எப்போதும் மிக நீண்ட கால்கள்.

1984 மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தான். வயது பத்து.

ஸ்பீல்பெர்க் 2011-இல் எடுத்த டின்டின் படத்தை வியந்து பார்த்தேன். அந்தக் குரல்களோடு எனக்கு உறவில்லை என்பதால் இருக்கலாம். தமிழில் 2023-இல் வந்த 'மாவீரன்' இதன் நுட்பத்தை அறிந்த படம். அதில் ஓவியன் வரையும் வீரனின் குரல் அவன் ஒருவனுக்கு மட்டுமே கேட்கிறது.

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படமெடுக்கும் விருப்பத்தை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொன்னதுண்டு. கடலூரில் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், "அப்படம் வந்தால் வருவீர்களா, சாமி?" என்று கேட்டார். உடலை மறைப்பது இன்று கணினிக்கு எளிய வேலை. அந்தக் குரலுக்கு யாரை அழைப்பார்களோ!

வருவதாகச் சொன்னேன். வாசலுக்கு அருகில் ஓர் இருக்கை பிடிக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.